குரூப் லோன் வாங்கி நகையைத் திருப்பலாமா? வீட்டுக் கணக்கு கையை மீறிவிட்டது

குடியாத்தம் தையல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். வயது 34. குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிற வேலை செய்கிறேன். பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தது போக மாதம் 10,800 கைக்கு வரும். வீட்டுக்காரர் காய்கறி மண்டியில் லோடு வண்டி ஓட்டுகிறார், சனிக்கிழமை சனிக்கிழமை 3,000 கூலி. மகளிர் உரிமைத் தொகை 1,000. பையன் ஒன்பதாவது, பெண் மூன்றாவது, இரண்டு பேரும் அரசுப் பள்ளி. மாமியார் எங்களோடு இருக்கிறார். வாடகை 4,000.

நேற்று ராத்திரி எல்லோரும் தூங்கினதும், கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எல்லாக் கடனையும் எழுதினேன். இதுவரை ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் மனதில் இருந்தது. ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

முதல் குரூப் கடனில் பாக்கி 38,000, மாதத் தவணை 3,200. இரண்டாவது குரூப் கடனில் பாக்கி 41,000, தவணை 2,750. சேட்டுக் கடையில் என் தாலிச் செயின் இரண்டு சவரன், அம்மாவின் கம்மலும் ஜிமிக்கியும் ஒரு சவரன், இரண்டையும் 2023-இல் 90,000-க்கு வைத்தோம். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. ஏழு மாதமாக வட்டி கட்டவில்லை, அது மட்டும் 12,600 ஏறி நிற்கிறது. தெரிந்தவர் ஒருவரிடம் பத்திரம் எழுதி ஒரு லட்சம், மூன்று வட்டி, மாதம் 3,000. தண்டல் ஒன்று இருக்கிறது. 20,000 என்று பெயர், 3,000 பிடித்துக்கொண்டு 17,000 தந்தார்கள், தினம் 200 வீதம் நூறு நாள். நாற்பது நாள் கட்டியாயிற்று. போன் தவணை 1,650, இன்னும் ஐந்து மாதம்.

கூட்டினால் மொத்தக் கடன் 3,01,850. மாதம் கட்ட வேண்டியது 18,400. வாடகையும் போனால் ஐந்து பேர் சாப்பிட 2,400-தான் மிஞ்சுகிறது. அதனால்தான் மாதாமாதம் யாரிடமாவது கைமாற்று வாங்குகிறேன்.

ஊதாரித்தனமாகச் செலவு செய்தோம் என்று நினைக்காதீர்கள். 2023-இல் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பீரோவில் இருந்தது, அந்தப் பதற்றத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அப்புறம் வீட்டுக்காரர் சொந்தமாக ஓட்டலாம் என்று பழைய லோடு வண்டி ஒன்று எடுத்தார். எட்டு மாதத்தில் இன்ஜின் போய், வந்த விலைக்கு விற்றோம்.

இப்போது குரூப் ஆபீசர் புதிதாக 80,000 தருகிறேன் என்கிறார். அதை வாங்கி நகையைத் திருப்பிவிட்டால் நிம்மதியாக இருக்குமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது குரூப் கடன் வீட்டுக்காரருக்குத் தெரியாது. நாமினியாக என் தம்பியைப் போட்டு வாங்கினேன். போன வாரம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தவணை கேட்டு ஒருவர் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, வீட்டுக்காரர் மண்டியில் இருந்தார். என் பெண் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாலாஜா நகைக்கடன்:

சகோதரி, கூட்டுறவு வங்கியில் நகைக் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். முதலில் அந்த 80,000-ஐ வாங்காதீர்கள். இரண்டு வருடத் தவணை, வருட வட்டி 25 சதவீதம் என்று வைத்தால் மாதம் சுமார் 4,270 கட்ட வேண்டி வரும். அந்தப் பணத்தால் நகையும் முழுதாகத் திரும்பாது, உங்களுக்கு 1,02,600 வேண்டுமே. மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்பது குரூப் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் வைத்த விதி. வாரக் கூலியை மாதத்துக்குச் சராசரி 13,000 என்று வைத்தால் உங்கள் வருமானம் 24,800, பாதி 12,400. நீங்கள் 18,400-இல் நிற்கிறீர்கள். தண்டலும் பத்திரமும் ஆபீசரின் கம்ப்யூட்டரில் தெரியாது. அதனால் அவர் தருகிறேன் என்கிறார். உங்களுக்குத் தெரியும்.

இப்போது நகைக்கு வருகிறேன். நீங்கள் வைத்த 2023-ஐ விட இன்று தங்கம் எங்கேயோ போய்விட்டது. கல், அரக்கு, பற்றவைப்பு கழித்து 23 கிராம் தேறும் என்றும், கிராம் 9,000 என்று குறைத்தும் போட்டாலே 2,07,000 மதிப்பு. போகிற அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நகையைச் சேட்டுக் கடையிலிருந்து எடுத்து வங்கியில் வையுங்கள். அரசு வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நூற்றுக்கு மாதம் 80 பைசாவை ஒட்டித்தான் வட்டி வரும். வங்கிக்கு வங்கி மாறும், இரண்டு இடத்தில் விசாரியுங்கள். 1,15,000 வாங்கினால் சேட்டுக் கடை 1,02,600, தண்டல் பாக்கி 12,000, இரண்டும் முடிந்துவிடும். வங்கி வட்டி மாதம் 920 ரூபாய். சேட்டுக் கடைக்கு 1,800, தண்டலுக்கு 6,000 என்று போனது நின்றுவிடும். உங்கள் மாதக் கட்டு 18,400-இலிருந்து 11,520-க்கு இறங்கும்.

தண்டலைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 17,000 கொடுத்து நூறு நாளில் 20,000 வசூலித்தால் அது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்கு வருகிறது. பாக்கியை முன்கூட்டிக் கட்டினாலும் அவர்களாக வட்டியைக் குறைக்க மாட்டார்கள். ஆனாலும் பேசிப் பாருங்கள், ஆயிரம் ஐந்நூறு விடுவார்கள். குறையாவிட்டாலும் தினம் 200 வீட்டிலேயே தங்கும், மூச்சு விட இடம் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். இனி அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. வங்கியில் வைக்க நகை கையில் வேண்டும், நகை கைக்கு வரப் பணம் வேண்டும். பலர் இங்கேதான் நின்றுவிடுவார்கள். நம்பிக்கையான ஒருவரிடம் அரை நாளுக்கு மட்டும் கேளுங்கள். காலையில் அவரையும் கூட்டிக்கொண்டே கடைக்குப் போய் மீட்டு, அங்கிருந்து நேராக வங்கிக்குப் போனால் மதியத்துக்குள் அவர் பணம் அவர் கைக்குப் போய்விடும். வங்கியில் நகையை எடைபோட்டு எழுதிய சீட்டு கொடுப்பார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள். 2.5 லட்சம் வரையிலான நகைக் கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் விதி போட்டது, கிடைக்கிறதே என்று முழுவதையும் வாங்கிவிடாதீர்கள். ஒரு வருடத்தில் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். எத்தனையோ பேர் அதை மறந்து ஏல நோட்டீஸோடு வந்து என் மேசை முன் நின்றிருக்கிறார்கள்.

காட்பாடி அக்கா:

தங்கச்சி, உன்னை நீ என்றே சொல்கிறேன், என் கடைசித் தங்கை வயது உனக்கு. எங்களுக்கு இருந்த கடன் 4,60,000. அடைத்து முடிக்க மூன்று வருடம் நான்கு மாதம் ஆனது. அத்தனை நாளும் மஞ்சள் கயிற்றில்தான் இருந்தேன். கல்யாணத்துக்குப் போனால் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வேன். அதெல்லாம் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

வாலாஜாக்காரர் சொன்ன கணக்கு சரி. ஆனால் நகையை மாற்றி வைத்த நிம்மதியிலேயே நின்றுவிட்டால் ஆறு மாதத்தில் வேறு தண்டல் வாசலில் நிற்கும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக் கணக்கு மாற வேண்டும்.

உன் வீட்டில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, கவனித்தாயா? உன் சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவை, அவர் கூலி வாரத்துக்கு ஒரு தடவை. இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதே. உன் 10,800, உரிமைத் தொகை 1,000, ஆக 11,800. வாலாஜாக்காரர் சொன்ன 11,520 கட்டு அதற்குள் முடிந்துவிடும். சம்பளம் ஏறிய அன்றைக்கே ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனிக் கவரில் எடுத்து வைத்துவிடு. வீட்டுச் செலவு முழுக்க அவர் கூலியில்தான். சனிக்கிழமை 3,000 வந்ததும் 1,000-ஐ வாடகை டப்பாவில் போடு, நான்கு வாரத்தில் 4,000 ஆகிவிடும். மீதி 2,000 அந்த வாரத்துக்கு. அரிசி, காஸ், மாமியார் மாத்திரை, பிள்ளைகள் நோட்டு, எல்லாம் அதற்குள். வெள்ளிக்கிழமைக்குள் தீர்ந்துவிட்டால் சனிக்கிழமை வரை ரசம் சாதம் என்று நாங்கள் வைத்திருந்தோம். முதல் இரண்டு மாதம் பிள்ளைகள் முகம் சுருங்கும். அப்புறம் அவர்களே டப்பாவை எட்டிப் பார்த்து எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார்கள்.

வருடத்தில் நான்கு மாதங்களுக்கு ஐந்து சனிக்கிழமை வரும். அந்த ஐந்தாவது 3,000-ஐ வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதே. நேராகப் பத்திரக்காரரிடம் கொண்டுபோய் அசலில் கொடுத்து, பத்திரத்தின் பின்பக்கத்தில் வரவு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கு. வாய்வார்த்தையாக விட்டதில் எங்களுக்கு 8,000 போனது.

சாப்பாட்டுக்கு ரேஷனை முழுசாக வாங்குகிறாயா? அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரையும் 25. வேலைக்குப் போகிற நம்மால் கடை திறக்கிற நேரத்துக்குப் போக முடியாமல் பருப்பும் எண்ணெயும் தவறிப்போகும். மாமியார் நடக்க முடிந்தால் அவரை அனுப்பு, இல்லாவிட்டால் பையனை லீவு நாளில் அனுப்பு. புழுங்கலரிசியைக் கல் பொறுக்கி, இரண்டு மூன்று தண்ணீர் கழுவி ஆறு மணி நேரம் ஊறவைத்து அரைத்தால் இட்லி பூப்போல வரும். கொஞ்சம் வெந்தயம் சேர்த்துக்கொள். கடையில் மாவு பாக்கெட் வாங்குவதை நிறுத்தினதிலேயே எனக்கு வாரம் 150 நின்றது. காய்கறிக்கு நான் வேலூர் டோல்கேட் உழவர் சந்தைக்குக் காலை ஆறு மணிக்கே போய்விடுவேன், மகளிர் இலவச பஸ் இருக்கிறது. உன் வீட்டுக்காரர் மண்டியில் இருப்பதால் அது கூட உனக்கு வேண்டாம். சாயங்காலம் மிஞ்சுகிற முள்ளுக் கத்திரிக்காயும் தக்காளியும் அவர் கேட்டால் கிடைக்கும். கேட்கக் கூச்சப்படுவார், நீ சொல்லு.

வாடகை வீட்டில் கரண்டுக்கு ஓனர் யூனிட் இவ்வளவு என்று தனியாக வாங்குகிறாரா? அப்படியானால் நூறு யூனிட் இலவசம் உன் கைக்கு வராது. தனி மீட்டர் உள்ள வீடு கிடைக்கிறதா என்று பொறுமையாகப் பார்.

வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரும். குடியாத்தத்துக்காரிக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரெல்லாம் விருந்தாளி. சாமி கும்பிடு, கூழ் ஊற்று, பிள்ளைகளுக்கு ஒரு செட் துணி எடு. நாற்பது பேருக்குப் பிரியாணி போடுவதை இரண்டு வருடம் தள்ளி வை. நாத்தனார் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அடுத்த வருடம் வந்துவிடுவார். அதே மாதிரி தீபாவளி போனஸ். அது வருவதற்கு முன்னாலேயே அதை வைத்துக் கடன் சொல்லி எதையும் வாங்காதே.

கடைசியாக ஒன்று, உனக்குப் பிடிக்காது. நகையை மீட்கிற அன்றைக்கே ஒரு சவரன் உருப்படியை விற்றுவிடு. குறைத்து வைத்தாலும் 65,000 வரும். மீதி இரண்டு சவரனை வைத்து வங்கியில் ஒரு லட்சம் வாங்கினால், சேட்டுக் கடை, தண்டல் எல்லாம் போக 50,000-ஐப் பத்திரக்காரருக்குக் கொடுக்கலாம். அவருக்கு வட்டி பாதியாகிவிடும். உன் மாதக் கட்டு 9,900-க்கு வந்துவிடும்.

ஆம்பூர் டிரைவர்:

அம்மா, நானும் லோடு வண்டிதான். என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு குரூப் கடன் இருந்தது. எனக்கு அதைச் சொன்னது என் மனைவி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். கடன் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, நான் அங்கே ஒன்றும் தெரியாமல் நின்றதுதான் தாங்க முடியவில்லை. உங்கள் வாசலில் ஒருவர் வந்து உட்கார்ந்தாயிற்று. அடுத்த தடவை உங்கள் வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார். அதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தக் காலண்டர் தாளை அப்படியே அவர் கையில் கொடுங்கள்.

குரூப் கடன் வசூலுக்குக் காலை 9-க்கு முன்னாலும் சாயங்காலம் 6-க்குப் பின்னாலும் வரக் கூடாது, அதுவும் ரிசர்வ் வங்கி விதிதான். மறுபடி வந்தால் நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். மிரட்டினால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம்.

குடியாத்தம் தையல்காரி:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். அக்கா, ஒரு சவரன் உருப்படி அம்மாவுடைய ஜிமிக்கி. அம்மா 2019-இல் போய்விட்டார். அதை விற்க எனக்கு மனது வரவில்லை.

காட்பாடி அக்கா:

அப்படியானால் விற்காதே. நான் கேட்டிருக்க வேண்டும். விற்பதானால் செயினைப் பற்றி யோசி. கடன் முடிந்ததும் புதுச் செயின் வாங்கிக்கொள்ளலாம், அம்மா ஜிமிக்கியை விற்றால் திரும்ப வாங்க முடியாது. அவசரம் இல்லை, வங்கிக்கு மாற்றும் வேலையை முதலில் முடி.

குடியாத்தம் தையல்காரி:

இரண்டு வாரத்துக்கு அப்புறம் எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே தாளை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாவது நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "தண்டல்காரன்கிட்ட நான் பேசுறேன், நீ போகாத" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது.

மண்டி முதலாளியிடம் அவரே போய் அரை நாளுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் கேட்டார். முதலாளியின் கணக்குப்பிள்ளை எங்களோடு வந்தார். சேட்டுக் கடையில் எட்டாவது மாதத்தையும் சேர்த்து 1,04,400 சொன்னார்கள், 400-ஐ விட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்கள். ஜிமிக்கியைப் பழைய துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். திருகு கருத்துப்போயிருந்தது. வங்கிக்குப் போகிற வழியில் ஆட்டோவில் புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டே போனேன். ஒரு மணி நேரம்தான் கையில் இருந்தது. மறுபடி கவரில் போட்டு ஒட்டி உள்ளே வைத்துவிட்டார்கள், ஆனால் இந்தத் தடவை மாதம் 920 ரூபாய்க்கு.

மொத்தம் 1,15,000 வாங்கினோம். தண்டலில் 48 நாள் பாக்கி, 9,600. பேசினதில் 9,000-க்கு முடித்துக்கொண்டார்கள். வரவு டிக் போட்ட அந்த அட்டையை வீட்டுக்காரர் கிழிக்கப் போனார், நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பத்திரக்காரரிடமும் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். வட்டியை இரண்டாகக் குறைத்துக்கொள்கிறேன், ஆனால் மாதம் 1,500 அசலில் வர வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டோம். அதனால் கட்டு 12,020 ஆகிறது, என் பணத்துக்கு மேல் 220 ரூபாய் போகிறது. அதை வாரப் பணத்தில் எடுத்துக்கொள்கிறோம். போன் தவணை முடிந்ததும் அந்த 1,650 பத்திரத்துக்குப் போகும். செயினை விற்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. போனஸ் வரை பார்க்கலாம் என்கிறார் அவர்.

குரூப் ஆபீசரிடம் 80,000 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போன வாரம் டப்பாவில் வெள்ளிக்கிழமை 140 ரூபாய் இருந்தது. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, இரண்டாவது குரூப்பின் மீட்டிங். 2,750-ஐக் கவரில் எடுத்து வைத்திருக்கிறேன். நான் கம்பெனியிலிருந்து வர நேரமாகும் என்றதும், தானே போய்க் கட்டிவிட்டு வருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.